நான் பார்த்த நான்கு எக்ஸ்சேஞ்சுகளும் ஒரு பேட்டரி அறையும்

1982-ல் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். மூத்த டெக்னீஷியன் ஒருவர் என்னை ஸ்விட்ச் ரூமின் நடுவில் நிறுத்தி, "கண்ணை மூடிக்கோ தம்பி. எது சரியில்லைன்னு கேட்டுச் சொல்லு" என்றார். காலை பத்து மணி, எக்ஸ்சேஞ்சில் அதுதான் உச்ச நேரம். தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுவதுபோல, அழைப்புக்கு வழி போடும் செலக்டர்கள் ஏறுவதும் சுற்றுவதும் விழுவதுமாக ஒரே இரைச்சல். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவர் நேராக நான்காவது வரிசைக்குப் போனார். தண்டவாளத்தில் உருளும் மர ஏணியைத் தள்ளிக்கொண்டு வந்து மேலே ஏறி, ஒரு யூனிசெலக்டரை, அதாவது சந்தாதாரர் லைனுக்குக் காலி வழி தேடும் சின்னச் சுழல் ஸ்விட்சைக் காட்டினார். நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் அது மட்டும் விர்ரென்று சுற்றிக்கொண்டே இருந்தது. ஆறு மாதத்தில் எனக்கும் அந்தக் காது வந்துவிட்டது. டிஜிட்டல் வந்ததும் அந்தக் காதுக்கு வேலையில்லாமல் போனது வேறு கதை.

2020-ல் ஓய்வு பெறும்வரை அதே கட்டடம்தான். ஸ்ட்ரோஜர், கிராஸ்பார், டிஜிட்டல், கடைசியில் ஐ.பி. (இன்டர்நெட் முறை) என்று நான்கு தலைமுறை எந்திரங்கள் வந்து போயின. ஒவ்வொரு முறையும் புது மெஷினுக்குப் பயிற்சி வகுப்பு, தடித்தடியாக மேனுவல், பரீட்சை எல்லாம் உண்டு. ஆனால் ஊரே போன் இல்லாமல் தவித்த நாட்களை எண்ணிப் பார்த்தால், மெஷின் காரணமாக இருந்தது மிகக் குறைவு. கரண்ட், ஏ.சி., தூசி, தப்பான ரிக்கார்டு, இவைதான் எங்களைக் கவிழ்த்தன. இவற்றுக்கு யாரும் வகுப்பு நடத்தவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் பின்கதை. உலகின் முதல் வணிக எக்ஸ்சேஞ்ச் 1878 ஜனவரியில் அமெரிக்காவின் நியூ ஹேவனில் தொடங்கியது. அதில் 21 சந்தாதாரர்கள். போர்டு முன்னால் ஆள் உட்கார்ந்து, "யார் வேண்டும்?" என்று கேட்டு வயரைச் செருக வேண்டும். இதை ஆளில்லாமல் செய்ய வழி கண்டவர் ஸ்ட்ரோஜர். கான்சஸ் சிட்டியில் சவ அடக்க ஏற்பாடு செய்யும் தொழில் அவருக்கு. போட்டிக் கடைக்காரரின் உறவுப் பெண் ஆபரேட்டராக இருந்ததால் தனக்கு வரும் அழைப்பெல்லாம் அங்கே போகிறது என்று சந்தேகப்பட்டு இந்த எந்திரத்தை யோசித்தார் என்பார்கள். கதை எப்படியோ, 1891-ல் காப்புரிமை கிடைத்தது, 1892-ல் லா போர்ட் என்ற ஊரில் முதல் ஆட்டோமேட்டிக் எக்ஸ்சேஞ்ச் ஓடியது. கிட்டத்தட்ட தொண்ணூறு வருஷம் கழித்து நான் எண்ணெய் போட்டதும் அதே குடும்பத்து மெஷினுக்குத்தான்.

ஸ்ட்ரோஜரின் அழகு, எல்லாம் கண்ணுக்குத் தெரியும். டயலைச் சுற்றிவிட்டால் நொடிக்கு பத்து பல்ஸ் வரும். 6 டயல் செய்தால் செலக்டர் ஆறு படி மேலே ஏறும். ஏறிய தட்டில் தானாகச் சுற்றி, காலியாக இருக்கும் வழியைத் தேடிப் பிடித்து அடுத்த செலக்டருக்கு அனுப்பும். கடைசி இரண்டு எண்களுக்கு ஃபைனல் செலக்டர்: முதல் எண்ணுக்கு ஏறும், அடுத்ததற்குச் சுற்றும். பத்துக்குப் பத்து, நூறு சந்தாதாரர். ஒரு அழைப்பு எங்கே நிற்கிறது என்பதை டார்ச் அடித்துப் பார்த்துச் சொல்லலாம்.

ஒரு பெண்மணிக்குத் தினமும் நள்ளிரவில் மிரட்டல் போன் வந்துகொண்டிருந்தது. அவர் லைனில் ஒரு விளக்கு கட்டிவிட்டு நானும் அந்த மூத்தவரும் காத்திருந்தோம். ஒன்றேகாலுக்கு விளக்கு எரிந்தது. அந்தப் பெண்மணியின் எண் அடங்கிய நூறு எண்களுக்கான ஃபைனல் செலக்டர் ரேக்குக்கு ஓடினோம். இரவு என்பதால் தூக்கி நின்றவை இரண்டே. அவர் எண்ணில் நின்றதைக் கண்டுபிடித்து, செலக்டர்களைப் பிடித்து வைக்கும் பி-வயரில் ஒரு கிளிப்பால் எர்த் கொடுத்தார் மூத்தவர். அவ்வளவுதான், அந்த ஆசாமி ரிசீவரை வைத்தாலும் இனி சங்கிலியில் ஒரு செலக்டரும் கீழே விழாது. அப்புறம் அவசரமில்லை. அங்கிருந்து பின்னோக்கி, எந்த இடைநிலைக் குரூப் செலக்டரிலிருந்து இந்த வழி வருகிறது, அதற்கு முன் எது என்று ரேக் ரேக்காக நடந்தோம். இருபது நிமிஷத்தில் ஒரு யூனிசெலக்டர் முன்னால் போய் நின்றோம். அதன் கீழே சின்ன லேபிளில் நம்பர். "ரிஜிஸ்டர்ல எழுது. வெளியில யார்கிட்டயும் வாய் திறக்காதே" என்றார். இன்று ஒரு கட்டளை அடித்தால் மணி அடித்து முடிப்பதற்குள் நம்பர் திரையில் வந்துவிடுகிறது. ஆனால் ஒரு அழைப்பு எந்த வழியாகப் போகிறது என்று காலால் நடந்து கற்றவனுக்கு, திரையில் வரும் ரூட் பட்டியல் வெறும் எழுத்தாகத் தெரியாது. புதிதாக வருகிறவர்களிடம் நான் சொல்வது: ஒரு இணைப்பை எடுத்துக்கொண்டு, வாடிக்கையாளர் வீட்டிலிருந்து எக்ஸ்சேஞ்ச் வழியாக வெளியே போகும்வரை ஒவ்வொரு முனையையும் கையால் தொட்டுப் பார்த்து வரைந்து வையுங்கள். ஒரே ஒரு தடவை செய்தால் போதும்.

ஸ்ட்ரோஜரில் என் வேலையில் பாதி துடைப்பதுதான். வைப்பர் (செலக்டரின் சுற்றும் கை), பேங்க் (அது தொடும் காண்டாக்ட் வரிசை) இரண்டிலும் தூசி ஏறினால் பேச்சில் கரகரப்பு வரும், அழைப்பு வழி தவறும். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் ஸ்விட்ச் ரூமுக்குள் போக வேண்டும். யாராவது உள்ளே வைத்து அட்டைப்பெட்டியைக் கிழித்தால் மூத்தவருக்குக் கோபம் வந்துவிடும். அட்டைத் தூள் ரிலே காண்டாக்டில் போய் உட்கார்ந்தால் கண்ணுக்குத் தெரியாது, இரண்டு வாரம் கழித்து ஏதோ ஒரு லைனில் புகாராக வரும்.

கிராஸ்பாரைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். 1926-லேயே சுவீடனில் சுண்ட்ஸ்வாலில் பெரிய அளவில் ஓடியது. எங்கள் கட்டடத்தில் பக்கத்து ஹாலில் 1986-ல் வந்தது. ஏறிச் சுற்றும் வேலை போய், குறுக்கும் நெடுக்குமான கம்பிகள் சந்திக்கும் இடத்தில் காண்டாக்ட் ஒட்டும் முறை. தேய்மானம் குறைவு, சத்தமும் குறைவு. எண்களை முதலில் வாங்கி வைத்துக்கொண்டு, அப்புறம் வழி தேர்ந்தெடுக்கும் பொதுவான மூளை ஒன்று அதில் இருந்தது. அதுவே அதன் பலவீனமும். ஸ்ட்ரோஜரில் ஒரு செலக்டர் கெட்டால் ஒரு அழைப்பு கெடும், கிராஸ்பாரில் வழி தேர்ந்தெடுக்கும் மார்க்கர் ஒன்று கெட்டால் ஒரு பகுதி முழுக்கத் திணறும். கெட்டால் எவ்வளவு பேருக்குக் கெடும் என்ற கேள்வி அன்றிலிருந்து ஒவ்வொரு தலைமுறைக்கும் பெரிதாகிக்கொண்டேதான் போனது.

1994-ல் டிஜிட்டல் வந்தது. எந்திரத்தை ஓட்டக் கற்றதைவிட மாற்றிய ராத்திரியில்தான் அதிகம் கற்றேன். எம்.டி.எஃப். என்று சொல்லும் பெரிய இரும்புச் சட்டத்தில்தான் தெருவிலிருந்து வரும் கேபிளும் எக்ஸ்சேஞ்சும் சந்திக்கும். பழைய எக்ஸ்சேஞ்சுக்குப் போகும் ஜம்பரை (இணைப்பு வயரை) விட்டுவைத்து, அதே லைனில் புதியதற்கும் இணை ஜம்பர் போட்டோம். புதிய பக்கத்தில் ஒவ்வொரு லைனுக்கும் இணைப்பைத் தடுக்க ஒரு பிளாஸ்டிக் ஆப்பு செருகி, ஆப்புகளை வரிசையாக நூலில் கோத்து வைத்தோம். இரவு ஒரு மணிக்கு பழைய பக்கத்து ஃபியூஸ்களைப் பிடுங்க வேண்டும், அதே நேரத்தில் நூலை இழுக்க வேண்டும். பொலபொலவென்று ஆப்புகள் உதிர, ஸ்ட்ரோஜர் ஹாலில் முப்பது வருஷச் சத்தம் சட்டென்று நின்றது. ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை.

விடிந்ததும் ஆரம்பித்தது புகார். ஒருவர் வீட்டுக்கு வர வேண்டிய அழைப்பு இன்னொருவர் வீட்டில் மணி அடித்தது. கடைக்கு வர வேண்டியது ஆஸ்பத்திரிக்குப் போனது. புது மெஷின் மேல் ஒரு குற்றமும் இல்லை. ஜம்பர் ரிஜிஸ்டரை நம்பி இணை ஜம்பர் போட்டோம். ரிஜிஸ்டரிலோ பல வருஷமாக அவசரத்துக்கு மாற்றிய ஜம்பர்களை யாரும் எழுதவில்லை. ஒவ்வொன்றாகச் சரிசெய்ய பதினொரு நாள் ஆனது. அதற்குப் பிறகு நாங்கள் வைத்துக்கொண்ட முறை இது: மாற்றத்துக்கு இரண்டு வாரம் முன்பே புது இணைப்பு, இடமாற்றம் எல்லாவற்றையும் நிறுத்திவிட வேண்டும். ரிஜிஸ்டரைப் பார்க்காமல், ஒவ்வொரு லைனிலும் டெஸ்ட் போனைப் போட்டு எந்த நம்பர் என்று கேட்டு எழுத வேண்டும். பழைய ஜம்பரை மாற்றிய உடனே வெட்டாமல் ஒரு வாரமாவது விட்டுவைக்க வேண்டும். செர்வர் மாற்றுகிறவர்களுக்கும் இதே புத்தி பொருந்தும் என்று என் மகன் சொல்கிறான்.

டிஜிட்டல் ஏன் அவ்வளவு சின்னதாக இருந்தது என்று பலர் கேட்பார்கள். குரலை நொடிக்கு 8000 தடவை அளந்து, ஒவ்வொரு அளவையும் 8 பிட்டாக எழுதினால் 64 கிலோபிட். இப்படி 30 பேச்சுகளையும் கட்டுப்பாட்டுக்கு இரண்டு இடங்களையும் சேர்த்து 2 மெகாபிட் ஓடையில் அனுப்பலாம். ஒரு எக்ஸ்சேஞ்சிலிருந்து இன்னொன்றுக்கு 30 பேச்சுக்குக் கட்டுக்கட்டாக வயர் இழுத்த இடத்தில் இரண்டே ஜோடி. வழி மாற்றுவதும் காண்டாக்ட் ஒட்டி நடப்பதில்லை, ஒரு பேச்சின் பிட்டுகளை ஒரு நேர இடத்திலிருந்து இன்னொரு நேர இடத்துக்குத் தள்ளிவைப்பதுதான். இதெல்லாம் ஒரே நாளில் வந்ததும் இல்லை. 1965-ல் நியூ ஜெர்சியில் சக்கசன்னா என்ற ஊரில் ஓடத் தொடங்கிய எலக்ட்ரானிக் எக்ஸ்சேஞ்சில் கட்டுப்பாடு மட்டும்தான் புரோகிராம், பேச்சுப் பாதையில் இன்னும் உலோகக் காண்டாக்ட் இருந்தது. பேச்சும் பிட்டாக மாறிய எக்ஸ்சேஞ்சுகள் 1970-களில்தான் வரத் தொடங்கின.

சின்னதாகிவிட்டதே என்ற சந்தோஷத்தில் நாங்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. ஸ்ட்ரோஜர் ஹாலில் ஆளுயர ஜன்னல்கள், கோடையில் எல்லாவற்றையும் திறந்து போட்டால் போதும். டிஜிட்டல் வந்ததும் தூசி வரக்கூடாதென்று அதே ஜன்னல்களைப் பிளைவுட் அடித்து மூடி, ஏ.சி. போட்டார்கள். ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு மின்சாரம் போனது. ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகவில்லை. பேட்டரி நல்ல நிலையில் இருந்தது, காலைவரை தாங்கும் என்று நிம்மதியாக உட்கார்ந்தோம். ஆனால் பேட்டரியில் மெஷின்தான் ஓடும், ஏ.சி. ஓடாது. முக்கால் மணி நேரத்தில் வெப்ப அலாரம். ஒரு மணி நேரம் தாண்டியதும் மெஷினின் சர்க்யூட் கார்டுகள் ஒன்றொன்றாகச் செயலிழக்க ஆரம்பித்தன. கடைசியில் கடப்பாரை எடுத்து ஜன்னல் பிளைவுட்டைப் பெயர்த்துத்தான் மெஷினைக் காப்பாற்றினோம். ஜெனரேட்டருக்கு என்ன கேடு என்று பார்த்தால், ஸ்டார்ட் செய்யும் சின்ன பேட்டரி செத்திருந்தது. வாசலில் நின்ற வண்டியின் பேட்டரியைக் கழற்றி வந்து மாட்டினோம், முதல் உதையிலேயே ஓடியது.

எட்டு மணி நேர பேட்டரியும் ஒரு மணி நேரக் குளிர்ச்சியும் இருந்தால் உங்களிடம் இருப்பது ஒரு மணி நேரம்தான். இதை நான் பிறகு எத்தனை கூட்டத்தில் சொன்னேன் என்று கணக்கில்லை. ஜெனரேட்டரை மாதம் ஒருமுறை சும்மா உறும வைத்து அணைப்பதில் பயனில்லை. மெயினை உண்மையாகவே அணைத்து, முழு லோடும் ஏ.சி.யும் அதன் தலையில் ஏற்றி ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். மூடிய அறையில் ஒரு ஜன்னலாவது கையால் திறக்கிற மாதிரி இருக்கட்டும்.

பேட்டரி அறைக்கு வருகிறேன். இரண்டு வோல்ட் செல் 24, மொத்தம் 48 வோல்ட். பாசிட்டிவ் பக்கம்தான் எர்த், அதனால் லைனில் இருப்பது மைனஸ் 48. இதற்குக் காரணம் உண்டு. கேபிளில் ஈரம் புகுந்து மின்சாரம் கசிந்தால், தரையைவிட பாசிட்டிவாக இருக்கும் செம்பு கரைந்துபோகும். நெகட்டிவாக வைத்தால் கம்பி தப்பிக்கும். தந்தி காலத்துப் பட்டறிவு, இன்றைய செல்போன் டவர் வரை அதே மைனஸ் 48-தான். நான்கு மெஷின் மாறியும் மாறாத ஒரே எண் இது.

பழைய செல்கள் கண்ணாடி ஜாடியில் அமிலத்தோடு இருக்கும். வாரம் ஒருமுறை ஹைட்ரோமீட்டர் விட்டு அடர்த்தி பார்த்து, காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றி, நோட்டில் எழுத வேண்டும். சட்டையில் ஓட்டை விழாத டெக்னீஷியன் கிடையாது. தட்டு வளைகிறதா, அடியில் வண்டல் சேர்கிறதா என்று கண்ணாலேயே தெரிந்துவிடும். அப்புறம் சீல் செய்த பேட்டரி வந்தது. 'மெயின்டனன்ஸ் ஃப்ரீ' என்று மேலே அச்சடித்திருந்தார்கள். அந்த இரண்டு சொல்லால் வந்த நஷ்டம் கொஞ்சமல்ல. அறையைப் பூட்டிச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டோம். பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ரெக்டிஃபையரின் மீட்டரில் 54 வோல்ட் காட்டியது, எல்லாம் நலம் என்று நினைத்தோம். மூன்று வருஷம் கழித்து ஒரு மாலை கரண்ட் போனதும் பதினாலே நிமிஷத்தில் 44-க்கு இறங்கி மொத்த எக்ஸ்சேஞ்சும் அணைந்தது. 24-ல் மூன்று செல் உள்ளே காய்ந்து போயிருந்தது. சார்ஜில் இருக்கும்போது அழுகிய செல்லும் நல்ல செல்போலத்தான் நடிக்கும். லோடு கொடுத்து, ஒவ்வொரு செல்லின் வோல்டேஜையும் தனித்தனியாக எழுதினால்தான் குட்டு வெளிப்படும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்யுங்கள். 1.8 வோல்ட்டை நோக்கி மற்றவற்றைவிட வேகமாக இறங்குவதுதான் குற்றவாளி. அறைச் சூட்டையும் பாருங்கள், 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் சீல் பேட்டரியின் ஆயுள் கிட்டத்தட்ட பாதியாகிவிடும்.

இடியும் எர்த்தும் சேர்ந்த விஷயம் ஒன்று. ஸ்ட்ரோஜர் காலத்தில் இடி இறங்கினால் ஒரு ரிலே காயில் கருகும், மாற்றிவிடுவோம். டிஜிட்டல் லைன் கார்டில் ஒரே இடிக்கு எட்டு பேரின் லைனோ பதினாறு பேரின் லைனோ போய்விடும். இடியை மண்ணில் இறக்கும் எர்த்தின் எதிர்ப்பை மழைக்காலத்தில் அளந்து நல்ல எண் வந்தது என்று எழுதி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மண் காய்ந்து கிடக்கும் மாதத்தில் அளக்க வேண்டும்.

சாஃப்ட்வேர் கோளாறு எங்களுக்கு வரவில்லையா என்றால், வந்தது. வாரா வாரம் பேக்கப் எடுத்தோம், லேபிள் ஒட்டி அலமாரியில் அடுக்கினோம். ஒருநாள் மெஷின் முழுதாக ரீஸ்டார்ட் ஆக வேண்டிய நிலை. கடைசி பேக்கப்பை ஏற்றினால் படிக்க மறுக்கிறது. அதற்கு முந்தியதும் அப்படியே. ஐந்து வாரம் பழையது ஒன்றுதான் ஏறியது. அந்த ஐந்து வாரத்தில் கொடுத்த புது இணைப்பு எல்லாம் மெஷினின் நினைவில் இல்லை, காகித ஆர்டர்களைத் தேடி எடுத்து மறுபடி அடித்தோம். பேக்கப்பை எடுத்தவுடன் ஏற்றியும் பார்த்தால்தான் அது பேக்கப்.

இதைவிடப் பெரியது 1990 ஜனவரி 15-ல் அமெரிக்காவின் ஏ.டி. அண்ட் டி. கம்பெனியின் தொலைதூர இணைப்பில் நடந்தது. ஒரு எக்ஸ்சேஞ்ச் தடுமாறி மீண்டு, "நான் வந்துவிட்டேன்" என்று அக்கம்பக்கத்துக்குச் செய்தி அனுப்பியது. அந்தச் செய்தியை வாங்கிய எக்ஸ்சேஞ்ச் தடுமாறியது, அது மீண்டு அனுப்பியதில் அடுத்தது தடுமாறியது. 114 எக்ஸ்சேஞ்சுகள், சுமார் ஒன்பது மணி நேரம். எல்லாவற்றிலும் ஒரே புரோகிராம், ஒரே வரியில் ஒரே பிழை. எங்கள் ஸ்ட்ரோஜர்களுக்கு இப்படிக் கூட்டமாக நோய் வர வாய்ப்பே இல்லை. புது வெர்ஷனை எல்லா இடத்திலும் ஒரே ராத்திரியில் ஏற்றாதீர்கள் என்று நான் பிடிவாதம் பிடித்ததற்கு இதுதான் காரணம்.

நெருப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1975 பிப்ரவரியில் நியூயார்க்கின் செகண்ட் அவென்யூ எக்ஸ்சேஞ்சில் கேபிள் அறையில் தீப்பிடித்து சுமார் 1,70,000 போன்கள் செத்தன. 1988 மே மாதம் இல்லினாய் மாநிலத்தில் ஹின்ஸ்டேல் என்ற இடத்தில், ஞாயிற்றுக்கிழமை ஆளில்லாத எக்ஸ்சேஞ்சில் தீ. இரண்டிலும் நெருப்பு தொட்டதைவிட புகை செய்த சேதம் கொடுமை. பி.வி.சி. உறை எரிந்தால் வரும் புகை ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகிக் காண்டாக்டுகளைத் தின்றுவிடும். இதைப் படித்துவிட்டு எங்கள் கட்டடத்தைச் சுற்றிப் பார்த்தேன். கீழ்த்தளக் கேபிள் அறையிலிருந்து மேலே வரும் துளைகளில் பாதி திறந்தே கிடந்தன. ஒவ்வொரு முறை புதுக் கேபிள் இழுத்தபோதும் அடைப்பைப் பிய்த்தவர்கள் திரும்ப அடைக்கவில்லை. வேலை முடிந்ததாகக் கையெழுத்துப் போடும் முன் துளை அடைத்ததைப் பார் என்று ஒரு வரியை அன்றுதான் படிவத்தில் சேர்த்தோம். செத்த கேபிளை உருவி எடுப்பதையும் யாரும் விரும்பிச் செய்வதில்லை, செய்ய வைக்க வேண்டும்.

2014 வாக்கில் ஃபைபர் வந்தது. செம்பில் ஃபால்ட் தேடுவது மனக்கணக்கு: அரை மில்லிமீட்டர் கம்பி போய் வர கிலோமீட்டருக்குச் சுமார் 170 ஓம். ஷார்ட் ஆன லைனில் 340 காட்டினால் இரண்டு கிலோமீட்டர், லைன்மேனை அங்கே அனுப்பலாம். ஃபைபரில் ஒளியை அனுப்பித் திரும்பி வரும் நேரத்தை வைத்து ஓ.டி.டி.ஆர். என்ற மீட்டர், தூரத்தைத் துல்லியமாகச் சொல்லும். அதை நம்பி நாங்கள் முதலில் தோண்டிய குழி தப்பான இடம். மீட்டர் சொன்னது ஃபைபரின் நீளம். வழியில் ஒவ்வொரு நிலத்தடிச் சேம்பரிலும் பத்து, இருபது மீட்டர் சுருட்டி வைத்திருப்பதை நாங்கள் கழிக்கவில்லை. எங்கே எவ்வளவு சுருள் என்பதைக் கேபிள் போடும் அன்றே எழுதி வைக்காவிட்டால் அப்புறம் யாருக்கும் தெரியாது.

இன்னொரு வேடிக்கை. ஒளி போகும் நடுப்பகுதி 9 மைக்ரான், தலைமுடியைவிடப் பல மடங்கு சின்னது. கனெக்டர் முனையில் ஒரு தூசி இருந்தாலே லைன் விழும். புது மெஷினில் வந்த புகார்களில் பாதியை கனெக்டரைத் துடைத்தே சரிசெய்தேன். முதலில் மைக்ராஸ்கோப்பில் பார், துடை, மறுபடி பார், அப்புறம் செருகு. சேர்ந்த வருஷம் பேங்க் துடைத்தேன், ஓய்வு பெறும் வருஷம் கனெக்டர் துடைத்தேன்.

ஃபைபரால் போன ஒன்றை மட்டும் யாரும் வாடிக்கையாளருக்குச் சரியாகச் சொல்லவில்லை. செம்பு லைனில் வீட்டுப் போனுக்குக் கரண்ட் எங்கள் பேட்டரி அறையிலிருந்து போனது. ஊர் இருட்டானாலும் போன் பேசும். கண்ணாடி இழையில் ஒளிதான் போகும், கரண்ட் போகாது. ஒரு முதியவர் நேரில் வந்து, "நாற்பது வருஷமா கரண்ட் போனாலும் போன் போகலை, இப்ப மட்டும் ஏன்?" என்று சத்தம் போட்டார். அவர் வீட்டில் ஆக்சிஜன் எந்திரம் வைத்து ஒரு நோயாளி இருந்தார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. அன்றிலிருந்து ஃபைபர் மாற்றும் ஒவ்வொரு வீட்டிலும் முதல் கேள்வி, கரண்ட் போனால் அவசரத்துக்கு யாரை எப்படி அழைப்பீர்கள் என்பது. ஃபைபர் பெட்டிக்கும் போனுக்கும் சேர்த்து ஒரு சின்ன பேட்டரி, அதையும் வருஷத்துக்கு ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிச் சோதிக்க வேண்டும்.

இப்போது அந்த ஹாலுக்குப் போனால் பேச்சு எதிரொலிக்கும். ஃபைபரில் ஒரு போர்ட்டிலேயே 64 வீடு வரை, இருபது கிலோமீட்டர் தூரம்வரை எட்டிவிடலாம் என்பதால் சுற்றியிருந்த சின்ன எக்ஸ்சேஞ்சுகள் சில இதோடு சேர்ந்துவிட்டன, அப்படியும் மூலையில் நான்கு ரேக்தான். தரையில் ஸ்ட்ரோஜர் ரேக்குகள் நின்ற இடம் வெளிறிய கோடுகளாகத் தெரிகிறது. போன மாதம் ஒரு வேலையாகப் போயிருந்தேன். இளம் பொறியாளர் ஒருவர் ஏ.சி. ஃபில்டரைக் கழற்ற உயரம் எட்டாமல் தவித்துக்கொண்டிருந்தார். "சார், இங்க ஏணி ஏதாவது இருக்கா?" என்றார். பேட்டரி அறைக் கதவுக்குப் பின்னால் கை விட்டேன். தண்டவாளம் போய்விட்டது, உருளைகள் துருப்பிடித்துவிட்டன, ஆனால் அந்த மர ஏணி அங்கேயேதான் சாய்ந்து நின்றது. அவர் ஏறினார், நான் கீழே பிடித்துக்கொண்டேன்.